கரை சேர்ந்தால் சரியா?

காரியம் கைகூடிவிட்டால் அதைச் செய்தவன் தைரியசாலி, கெட்டுவிட்டால் முட்டாள். உலகம் காலங்காலமாக இப்படித்தான் தீர்ப்புச் சொல்லி வருகிறது. கதை எழுதுகிறவன் என்ற முறையில் நானும் எத்தனையோ கதாநாயகர்களுக்கு இதே தீர்ப்பை வழங்கியிருக்கிறேன். அந்தத் தீர்ப்பின் மேல் எனக்குச் சந்தேகம் பிறந்தது ஒரு கடற்கரையில்.

என் தம்பி கலிபோர்னியாவில் இருக்கிறான். சென்ற கோடையில் அவன் குடும்பத்தோடு நானும் என் மனைவியும் அந்த மாநிலத்தின் வடபகுதியில் உள்ள ‘லாஸ்ட் கோஸ்ட்’ என்ற மலைக்கரைக்குப் போனோம். தொலைந்த கரை என்று தமிழில் சொல்லலாம். கடலை ஒட்டியே ஓடும் முதலாம் எண் நெடுஞ்சாலை இந்த இடத்தில் மலைக்குப் பயந்து உள்நாட்டுப் பக்கம் ஒதுங்கிவிடுகிறது. அவ்வளவு செங்குத்தான மலைகள். கிங் சிகரத்தின் உயரம் 4,088 அடி. அங்கிருந்து கடல் சுமார் மூன்று மைல்தான். வழியில் கடை இல்லை; செல்பேசி பேசாது. கூடாரத்தையும், கரடியால் திறக்க முடியாத டப்பாவில் அடைத்த சாப்பாட்டுச் சாமான்களையும் முதுகில் சுமந்துகொண்டு, மட்டோல் ஆற்றின் முகத்துவாரத்திலிருந்து தெற்கு நோக்கி நடந்தோம்.

வழியில் புண்டா கோர்டா கலங்கரை விளக்கம். 1912ல் ஏற்றிய விளக்கு 1951ல் அணைந்துவிட்டது. பாழடைந்த கட்டடத்தைக் கண்டால் எழுத்தாளனுக்குப் பொழுது போவது தெரியுமா? ‘புறப்படலாம்’ என்று தம்பி இரண்டு முறை சொல்லியும் நான் எழுந்திருக்கவில்லை.

அதற்குச் சற்றுத் தெற்கே கரை குறுகிவிடுகிறது. அங்கிருந்து சுமார் நான்கு மைல் தூரத்துக்கு, கடல் ஏறும் வேளையில் அலை மலையடிவாரத்திலேயே வந்து மோதும். ஒதுங்க இடம் அரிது. கடல் தினம் இருமுறை ஏறி இருமுறை இறங்குகிறது. அந்த நேரமும் நாளுக்கு ஐம்பது நிமிஷம் போலத் தள்ளிப் போகிறது. ஆகவே, அச்சிட்ட நேர அட்டவணையைப் பார்த்து, நீர் இறங்கும்போது புறப்பட வேண்டும் என்பது விதி. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நீர் ஏறத் தொடங்கியிருந்தது.

“வேகமாக நடந்தால் தாண்டிவிடலாம்” என்றேன். என்னால் அல்லவா தாமதம்? அந்த வெட்கத்தைத் தைரியம் என்ற போர்வையால் மூடப் பார்த்தேன்.

“நீங்கள் சொன்னால் சரி, அண்ணா” என்றான் தம்பி. அந்தக் கடலை அறிந்தவன் அவன். ஒன்றும் அறியாதவன் நான். ஆனால் நான் மூத்தவன்! அவன் மனைவி தலைகுனிந்து கூழாங்கற்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் மனைவி பையின் வாரைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

தம்பி மகளுக்குப் பதினொரு வயது. அட்டவணையை விரித்துப் பிடித்துக்கொண்டு, “பெரியப்பா, இப்போ போகக் கூடாதுன்னு இதிலே போட்டிருக்கே! இது தப்பா?” என்று கேட்டாள்.

என்னிடம் பதில் இல்லை. ஓடைக்கு மேலே மேட்டில் கூடாரம் அடித்தோம். நான் கைகாட்டிய மணல் மாலைக்குள் தண்ணீரில் மறைந்துவிட்டது.

இரவு தூக்கம் வரவில்லை. ஒருவேளை போயிருந்தால்? கால் நனைந்து, சிரித்துக்கொண்டே தாண்டியும் இருக்கலாம். சென்னைக்கு வந்து அதை வீரக்கதையாகச் சொல்லியிருப்பேன். அப்போது என் முடிவு சரியாகிவிடுமா? என் வெட்கத்தை ஒரு தட்டிலும் நால்வர் உயிரை மறு தட்டிலும் வைத்து, வெட்கமே கனம் என்று கண்டவன் நான். அலை எந்த இடத்தில் நின்றாலும் அந்த நிறுவை மாறாது. அலை இரக்கம் காட்டினால் அது அலையின் இரக்கம். என் விவேகம் ஆகாது.

‘தம்பி சம்மதித்தானே!’ என்று மனம் வாதாடியது. அவன் தந்தது மரியாதை. அதைச் சம்மதம் என்று நான் எடுத்துக்கொண்டேன். பெரியவர் முன் வாய் திறவாதிருப்பதை நம் வீடுகளில் நல்ல குணம் என்று வளர்க்கிறோம். அந்த மௌனத்தை அனுபவிக்கிற பெரியவருக்கு ஒரு கடமை உண்டு. ‘வேண்டாம்’ என்று மற்றவர் கூசாமல் சொல்லும்படி கேட்க வேண்டும். நான் கேட்கவே இல்லை, அறிவித்தேன்.

அப்படியானால் குழந்தைகளை மலைக்கும் கடலுக்கும் அழைத்துப் போகவே கூடாதா? போகலாம். அங்கே வந்ததே ஓர் ஆபத்துத்தானே? கரடி உண்டு, விஷப் பாம்பு உண்டு. அவற்றை வீட்டில் உட்கார்ந்து பேசி, எல்லோரும் அறிந்தே புறப்பட்டோம். பகிர்ந்துகொண்ட ஆபத்து அது. ஒருவனுடைய கௌரவத்துக்குள் ஒளிந்திருக்கும் ஆபத்தை மற்றவர்கள் எப்படி அறிவார்கள்?

மறுநாள் நீர் இறங்கத் தொடங்கியதும் குழந்தையிடம் கேட்டேன்: “இப்போது போகலாமா?”

அவள் தாளைப் பார்த்தாள், கடலைப் பார்த்தாள். “போகலாம், பெரியப்பா” என்று சொல்லி முன்னே நடந்தாள்.

இனி என் கதாநாயகன் கரை சேர்ந்துவிட்டான் என்பதற்காக மட்டும் அவன் கழுத்தில் மாலை போடமாட்டேன். படகில் இருந்த மற்றவர்களை அவன் கேட்டானா என்று முதலில் விசாரிப்பேன்.