எம்டனுக்கு எத்தனை புகைபோக்கி?

1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன ஜெர்மன் போர்க்கப்பல் எம்டனுக்கு அசல் புகைபோக்கி மூன்றுதான். அக்டோபர் 28 விடியலில் பினாங்குக்குள் நுழைந்தபோது நான்கு! பிரிட்டிஷ் கப்பல் என்று நம்பவைக்க, மாலுமிகளே கட்டி நிறுத்திய பொய்க்குழாய் ஒன்று. எனவே, ரெவெல் நிறுவனத்தின் பிளாஸ்டிக் எம்டன் மாதிரியை ஒட்ட உட்காருபவர் பசையைத் திறக்குமுன் தேதியை முடிவுசெய்ய வேண்டும். எந்த நாளின் கப்பல்?

அடுத்த சோதனை கயிறு. 350-ல் ஒரு பங்கு அளவில் 118 மீட்டர் கப்பல் 34 சென்டிமீட்டராகிவிடும். 2 சென்டிமீட்டர் தடிமனுள்ள கயிறு தலைமுடி அளவுக்கு மெலியும். தையல் நூலைக் கட்டினால் நெல்லையப்பர் தேர்வடம் மாதிரி நிற்கும். பாகங்களை வெட்டியெடுத்தபின் மிஞ்சும் பிளாஸ்டிக் குச்சியை மெழுகுவத்திச் சுடருக்கு மேலே காட்டி, இளகியதும் விலக்கி, இரு கையாலும் நிதானமாக இழுத்தால் மயிரிழை வரும். அவசரப்பட்டால் அறுந்துவிடும். பத்தமடையில் பாய்க்குக் கோரையை இழையிழையாகக் கிழிப்பவர்களுக்கு இதெல்லாம் ஒரு வேலையே இல்லை. நமக்குத்தான் சித்திரை வெயிலில் மின்விசிறியையும் நிறுத்திவிட்டு உட்கார வேண்டியிருக்கிறது.