பொய்ச் சுவடி

விசுவாசத்தைக் கெடுப்பது சந்தேகம் என்றுதான் பிரசங்கிமார் சொல்லி வருகிறார்கள். எனக்கு அந்த அபிப்பிராயம் இல்லை. சந்தேகத்தை மடியில் கட்டிக்கொண்டே எத்தனையோ பேர் எண்பது வயது வரையில் ஜெபமாலை உருட்டியிருக்கிறார்கள். பொய்தான் மனிதனை ஒடிக்கிறது. அதிலும் பகைவன் சொல்லும் பொய் அல்ல. நம்மவனே, நம் மதத்துக்கு நல்லது என்று சொல்லும் பொய்.

தரமணியில் குடியிருக்கும் எனக்கு இதற்கு உதாரணம் தேடித் தூரதேசம் போக வேண்டியதில்லை. மேற்கே சில மைல் தள்ளிப் பரங்கிமலை. தோமையார் அங்கே உயிர் நீத்தார் என்பது மரபு. 1970களில் சென்னை-மயிலைப் பேராயராக இருந்த அருளப்பா நல்ல தமிழறிஞர். திருவள்ளுவர் தோமையாரைச் சந்தித்தவர், அவரிடம் பாடம் கேட்டவர் என்று நிரூபித்துவிட வேண்டுமென்பது அவருடைய ஆசை. ஆசை இருக்குமிடத்துக்கு அதைத் தீர்த்துவைக்க ஒரு ஆசாமி வராமல் இருப்பானா? வந்தான். ஓலைச்சுவடி என்றும் செப்பேடு என்றும் ஆதாரங்களை ஒவ்வொன்றாய்க் கொண்டுவந்து காட்டினான். சில வருஷங்களில் 13 லட்ச ரூபாய்க்கு மேல் கைமாறிவிட்டது. எல்லாம் போலி என்று தெரிந்து வழக்கு நடந்து, 1986 பிப்ரவரியில் சென்னை நீதிமன்றம் அவனுக்கு 10 மாதச் சிறை விதித்தது. அதே மாதம்தான் போப் இரண்டாம் ஜான் பால் பரங்கிமலைக்கு வந்து போனார்.

சுவடியோடு பழகியவர் எவரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். 1970-ல் தோன்றிய உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம் எங்கள் தரமணியில்தான் இருக்கிறது. நம் ஊர் வெக்கையிலும் பூச்சியிலும் ஓர் ஓலை முந்நூறு, நானூறு வருஷம் தாங்கினால் பெரிது. ஆகவேதான் நம் முன்னோர் தலைமுறை தலைமுறையாகப் பெயர்த்தெழுதி வந்தார்கள். முதல் நூற்றாண்டு ஓலை என்று ஒருவன் நீட்டினாலே சிரித்திருக்க வேண்டும். பேராயர் சிரிக்கவில்லை. அவரை ஏளனம் செய்ய எனக்கு மனமில்லை, அவர் ஏமாந்தவர். ஆனால் வாய்மைக்கென்று ஓர் அதிகாரமே வைத்த புலவர் பெயரால் அந்தப் பொய் விற்கப்பட்டது என்பதை நினைத்தால் வயிறு எரிகிறது.

என் தெருவில் ஓர் இளைஞர், கம்பியூட்டர் வேலை. பிறந்ததிலிருந்து கத்தோலிக்கர். இந்தக் கதையைத் தற்செயலாகப் படித்தவர் நேரே என்னிடம் வந்தார். "சார், இதிலே பொய் சொன்னவங்க வேறே எதிலேயெல்லாம் சொல்லியிருப்பாங்க?" என்றார். அவருடைய முகத்தில் கோபம் இல்லை. சொந்த வீட்டுப் பத்திரம் செல்லாது என்று கேள்விப்பட்டவனின் முகம் அது.

கள்ள நோட்டு இருந்தால் நல்ல நோட்டும் உண்டு என்று ஒரு பதில் இருக்கிறது. கேட்க நன்றாக இருக்கும்; கையில் எது நல்ல நோட்டு என்று அது சொல்லாது. நான் அவருக்கு அதைச் சொல்லவில்லை. சுவிசேஷத்தை எடுத்து மூன்று இடங்களைப் படிக்கச் சொன்னேன்.

மத்தேயு தம் நூலின் கடைசியில் ஒரு வதந்தியைப் பதிவு செய்கிறார். காவலருக்குப் பணம் கொடுத்து, சீடர்களே உடலைத் திருடினார்கள் என்று சொல்லச் செய்த வதந்தி. தம் சமயத்துக்கு விரோதமான பொய்யைத் தாமே எழுதிவைக்கிறார். பேதுருவின் கதை இதைவிடக் கடினம். சபைக்குத் தலைவரான மனிதர், அந்த ஆளை எனக்குத் தெரியவே தெரியாது என்று ஒரே இரவில் மூன்று முறை பொய் சொன்னார். நான்கு சுவிசேஷமும் அதைச் சொல்கின்றன. மறைத்திருந்தால் யார் கேட்டிருக்கப் போகிறார்கள்? பேதுருவே சொல்லாமல் அது எப்படி வெளியே வந்திருக்கும் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

மூன்றாவது, நம் பரங்கிமலைக்காரர். பத்துப் பேர் சாட்சி சொல்லியும், காயத்தில் கை வைத்தாலன்றி நம்பமாட்டேன் என்றார். அவரை யாரும் சபையைவிட்டுத் தள்ளவில்லை. எட்டு நாள் கழித்தும் அதே அறையில், அதே நண்பர்களோடு இருந்தார். அப்படிப்பட்டவர் பெயரில் போலி ஆதாரம் தயாரித்தார்களே, அதுதான் வேடிக்கை. எவர் எதையும் சோதிக்காமல் ஏற்க மறுத்தாரோ அவர் பெயரில்!

தோமையார் இங்கே வந்தாரா என்று இளைஞர் கேட்டார். நிரூபிக்க முடியாது என்றேன். அவரை இந்தியாவோடு சேர்த்துச் சொல்லும் பழைய நூல் மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இந்தக் கடற்கரையில் அவர் கல்லறை இருப்பதாக மார்க்கோ போலோ எழுதியது பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில். 1547-ல் மலைமேல் கிடைத்த கற்சிலுவையில் பாரசீகத்துப் பஹ்லவி எழுத்து இருக்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு மேற்பட்டது என்று அறிஞர்கள் கணிக்கிறார்கள். போர்த்துகீசியக் கப்பல் வருமுன்பே யாரோ சிலர் அந்தக் கல்லின் முன் மண்டியிட்டிருக்கிறார்கள். இவ்வளவுதான் கைக்கு அகப்படுகிறது. வள்ளுவரை இழுத்து வந்து பக்கத்தில் உட்காரவைத்தால்தான் அவர்களுடைய ஜெபம் செல்லுபடியாகுமா?

"அப்போ இவ்வளவு கொஞ்சத்தை வெச்சுக்கிட்டா நம்பறது?" என்றார். பெருந்தொகை இருக்கிறது என்று ஏமாந்ததைவிட இது மேல் இல்லையா என்று கேட்டேன். பதில் சொல்லாமல் எழுந்து போனார்.

இரண்டு மாதம் அவர் பூசைக்குப் போகவில்லை. இப்போது போகிறார். போவதோடு நில்லாமல், பங்குக் கூட்டத்தில் எழுந்து வரவு செலவுக் கணக்குக் கேட்கிறாராம். பெரியவர்கள் சிலருக்கு அது பிடிக்கவில்லை. பையனுக்கு விசுவாசம் குறைந்துவிட்டது என்று அவருடைய தாயாரிடம் வருத்தப்பட்டிருக்கிறார்கள்.