பிள்ளையின் பணத்தை யார் விட்டுக்கொடுப்பது?

1990 ஒக்டோபரில் முல்லைத்தீவிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் வாழ்ந்த நாங்கள், 2009க்குப் பின்னர் மீளக் குடியேறி ஓரிரு வருடங்கள்தாம் ஆகியிருந்தன. ஒரு வீட்டு விறாந்தையில் ஐந்தாறு பேர் கூடியிருந்தோம். கணவருக்குப் புத்தளத்தை விட்டு வர விருப்பமில்லை. மனைவிக்குத் திரும்பிப் போக விருப்பமில்லை. மூன்று வயதில் ஓர் ஆண் பிள்ளை. பிள்ளைச் செலவு கேட்பதில்லை என்று எழுதித் தந்தால் உடனே தலாக் தருவதாக அந்தப் பக்கத்தார் சொன்னார்கள். பிரச்சினை தீர்ந்தால் போதுமென்று பெண் வீட்டாரும் தலையாட்டினார்கள். வாத்தியார் என்பதால் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. எழுதினேன். அந்தப் பெண் கையொப்பம் வைத்தாள். சண்டையில்லாமல் முடித்துவிட்டோம் என்ற திருப்தியோடு தேத்தண்ணீர் குடித்துவிட்டு வீடு வந்தேன்.

அந்தப் பிள்ளை பிறகு என் வகுப்புக்கே வந்தான். தவணை தொடங்கிப் பல நாட்களாகியும் கொப்பி இல்லாமல் வந்தபோது தாயை அழைத்தேன். “அவர்ட்ட இனி ஒண்டும் கேக்கேலாதுதானே, சேர்? நான்தானே எழுதிக் குடுத்த” என்றாள். என்மீது குறை சொல்லவில்லை. கடிதம் யாருடைய கையெழுத்து என்பது இருவருக்கும் தெரியும்.

அவள் எழுதிக் கொடுத்தது யாருடைய பொருளை? மஹர் அவளுடையது, மனமுவந்து விட்டுக்கொடுக்கலாம். பிள்ளையின் உணவும் உடையும் அவளுடையவை அல்லவே. ஓர் அநாதையின் காணியைப் பொறுப்பாளர் தன் இஷ்டத்துக்கு எழுதிக் கொடுத்தால் எங்கள் ஜமாஅத் சும்மா இருக்காது. வாப்பா உயிரோடிருக்கும் பிள்ளையின் சோற்றை ஐந்து பேர் முன்னிலையில் எழுதி வாங்கினோம், ஒருவருக்கும் உறுத்தவில்லை.

குல்உ பெறுவதற்காகப் பிள்ளையின் செலவை மனைவி தானே ஏற்றுக்கொள்ள ஃபிக்ஹில் இடமுண்டு என்று ஒரு மௌலவி எனக்கு ஆறுதல் சொன்னார். உண்மைதான். அங்கே அவள் ஒரு சுமையை ஏற்கிறாள். பிள்ளையின் உரிமை அழிவதில்லை. அவளிடம் வசதி இல்லாவிட்டால் பிள்ளை பட்டினி கிடக்க வேண்டுமென்று எந்த இமாமும் சொல்லவில்லை. பொறுப்பு தகப்பனிடமே திரும்புகிறது.

சூறா பகராவின் 233ஆம் வசனம் பாலூட்டும் தாயின் உணவையும் உடையையும் தகப்பன்மீது சுமத்துகிறது. பிள்ளையைக் காரணமாக வைத்துத் தாயையோ தகப்பனையோ வருத்தக் கூடாதென்றும் அதே வசனம் தடுக்கிறது. சூறா தலாக்கின் 6ஆம் வசனம், பிரிந்த மனைவி பாலூட்டினால் அதற்குக் கூலி கொடுக்கச் சொல்கிறது. கூலி என்றே சொல்கிறது. நாங்களோ தகப்பன் அனுப்புவதை உதவி என்று பேசிப் பழகிவிட்டோம். கணவர் போதியளவு தருவதில்லை என்று ஹிந்த் (ரலி) முறையிட்டபோது, அவருக்கும் பிள்ளைகளுக்கும் போதுமானதை நியாயமான அளவில் எடுத்துக்கொள்ள நபி (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள். அபூசுப்யானின் (ரலி) மனம் இளகும்வரை காத்திருக்கச் சொல்லவில்லை.

நாங்கள்தான் காத்திருக்கச் சொல்கிறோம். “கொஞ்சம் பொறு தங்கச்சி” என்று நானும் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் மனைவியின் நபகா கொடுபடாவிட்டால் கடனாக நிற்கும். பிள்ளையின் நபகா அப்படியல்ல. காதி விதிக்காமல் கடந்துபோன நாட்களுக்கு உரியது பொதுவாக விழுந்துவிடும். இது தெரிந்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. நாங்கள் பொறுக்கச் சொன்ன ஒவ்வொரு மாதமும் அந்தப் பிள்ளைக்கு மாதமாகவே போய்விட்டது.

வழி இல்லாமலில்லை. 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் 47ஆம் பிரிவு பிள்ளைத் தாபரிப்பை விசாரிக்கும் அதிகாரத்தைக் காதிக்குக் கொடுக்கிறது. தொகையைக் கூட்டவும் குறைக்கவும் பிறகு கேட்கலாம். கட்டளைப்படி கட்டாவிட்டால் நீதவான் நீதிமன்றத்தின் மூலம் தண்டப்பணம் போல அறவிடலாம். விவாகரத்தான தாய்க்கு எது உரியது என்று இந்தியாவில் ஷாபானு வழக்கிலிருந்து பெரும் சர்ச்சை நடந்தது. ஆனால் பிள்ளையின் உரிமை தாயின் உரிமையோடு சேர்ந்து தேய்வதில்லை, அது தனியானது என்று 1997இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொன்னது.

தகப்பனையும் நினைக்க வேண்டும். அவர் மேசன் வேலை செய்கிறார். அங்கே இன்னொரு குடும்பம். மழை மாதங்களில் வேலை குறைவு. வசதி குறைந்தவன் அல்லாஹ் கொடுத்ததிலிருந்து கொடுக்கட்டும் என்பதே சூறா தலாக்கின் 7ஆம் வசனத்தின் கருத்து. குறைவாகக் கொடுக்க அதில் இடமிருக்கிறது. ஒன்றுமே கொடுக்காமலிருக்க இடமிருப்பதாக எனக்குத் தெரியவில்லை. பணம் வராவிட்டால் பிள்ளையைக் காட்டமாட்டோம் என்று பெண் வீட்டார் சொன்னதையும் நான் ஏற்கவில்லை. பிள்ளை ஈட்டுப் பொருளல்ல.

கடைசியில் அந்தப் பெண்ணும் அவளுடைய நானாவும் நானும் பஸ்ஸேறிக் காதியிடம் போனோம். மனுவை நானே எழுதினேன். பழைய கடிதத்தையும் மறைக்காமல் கொடுத்தேன். காதி இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டு என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. மேசனின் வருமானத்தை விசாரித்து மாதம் ஒரு சிறு தொகை விதித்தார். சில மாதங்கள் ஒழுங்காக வந்தது. இப்போது இரண்டு மாதம் நிலுவை. நீதவானிடம் அனுப்பும்படி கேட்டு அடுத்த மனுவை இந்தக் கிழமை எழுத வேண்டும்.