நினைவும் மறதியும்: மதுநோய் பற்றிய ஓர் அறநோக்கு

மதுவுக்கு அடிமையானவனைக் குற்றவாளி எனக் கொள்வதா, நோயாளி எனக் கொள்வதா என்பது பழைய வினா. கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரத்தையே வகுத்த திருக்குறள் முதலாக, நமது அறநூல் மரபு குடியைக் குடிப்பவனின் இழிவாகவே பெரிதும் கண்டது. போரைக் கண்ட நிலத்திலோ இவ்வினா வேறொரு வடிவங் கொள்கின்றது.

பூநகரிப் பிரதேசத்து ஜெயபுரத்தை நோக்குக. 2008 இல் போர் மன்னார் - பூநகரி வீதிவழியே வடக்கு நோக்கி நகர்ந்தபோது அப்பகுதி மக்கள் கிழக்கே பெயர்ந்தனர். 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் போர் முடிவுற்றது. எஞ்சியோர் வவுனியா முகாம்களில் வைக்கப்பட்டுப் பின்னரே ஊர் மீண்டனர். அவ்வாறு மீண்ட ஒருவர் நள்ளிரவில் ஷெல்லோசை கேட்டவர்போல் விழித்து, கசிப்பின்றி உறங்க இயலாதிருப்பாராயின், அவர் தேடுவது களிப்பா, மறதியா?

அமெரிக்க உளமருத்துவர் எட்வர்ட் கன்சியன் 1985 இல், போதை நாடுவோர் பலர் தம் உள்ளத்து வேதனைக்குத் தாமே மருந்திடுகின்றனர் என்ற கருத்தை முன்வைத்தார். அக்கருத்து ஏற்கத்தக்கதாயின், குடியை மட்டும் நிறுத்துதல் காயத்தை விட்டுக் கட்டை மாத்திரம் அவிழ்த்தலை ஒக்கும். பிரான்சின் ஷப்பிரோ 1987 இல் கண்டு 1989 இல் வெளியிட்ட கண்ணசைவுச் சிகிச்சை ஈண்டு கருதத்தக்கது. நோயாளர் கொடிய நினைவொன்றை மனத்திற் கொண்டவாறே சிகிச்சையாளரின் விரலசைவைக் கண்களாற் பின்தொடர்கின்றார். மனம் இரு பணிகளை ஒருங்கே சுமப்பதால் நினைவின் கூர்மை தணிகின்றது என்பது ஒரு விளக்கம். கண்ணசைவு இன்றியமையாததா என்ற விவாதம் முற்றுப்பெறவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2013 இல் இம்முறையை நெருக்கீட்டுக்குப் பிந்திய மனவடு நோய்க்குரிய சிகிச்சைகளுள் ஒன்றாகப் பரிந்துரைத்தது. மதுநோய்க்கு இதன் பயன்பற்றிய சான்றுகளோ இன்னும் சிலவே. நெடுநாட் குடியைத் திடீரென நிறுத்துதல் வலிப்பையும் சித்தப்பிரமையையும் விளைவிக்கக்கூடும். ஆதலின் மருத்துவக் கண்காணிப்பே முதற்படியாதல் வேண்டும்.

இங்கு ஓர் ஆட்சேபம் எழும். நினைவின் கூர்மையைத் தணித்தல் இறந்தோர்க்கு இழைக்கும் துரோகமாகாதா? காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 ஆந் திகதி தொடர் போராட்டம் தொடங்கியது மறவாமைக்காகவே அன்றோ? இவ்வாட்சேபம் எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆயினும் நினைவு வேறு, நினைவால் ஆட்டிவைக்கப்படுதல் வேறு. சிகிச்சை நிகழ்ச்சியை அழிப்பதில்லை. அது மீள மீள நிகழ்வதுபோன்ற துன்பத்தையே தணிக்க முயல்கின்றது. நடுக்கமின்றி நினைவுகூர வல்லவரே சாட்சியாக நிற்கவும் வல்லவர். நினைவைச் சிதைப்பது உண்மையில் மதுவே.

மற்றொன்று: காயம் குடிக்குக் காரணங் காட்டலாம், மனைவி மக்கள் மீது விழும் அடிக்கு நியாயங் காட்டாது. அவர்களும் அதே போரைக் கடந்தவர்களே. எனவே நோயாளி எனக் கொள்வது பொறுப்பினின்று விடுவித்தலன்று. பொறுப்பேற்கும் வலுவை மீட்டுக் கொடுத்தலேயாம்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் வட இலங்கையின் வடுவைக் கூட்டு வடுவென எடுத்துக்காட்டினார். ஒருவரின் கண்ணசைவால் ஒரு சமூகத்தின் வடு முற்றும் ஆறிவிடாது. நீதிக்குச் சிகிச்சை ஈடாகாது. நீதி வரும்வரை சிகிச்சையை மறுப்பதும் அறமாகாது. குடிகாரன் என ஊர் ஒதுக்கிய ஒருவரிடம், ‘ஏன் குடித்தாய்’ என்பதற்கு முன் ‘உனக்கு நேர்ந்தது யாது’ என வினவுதலே இவ்வறத்தின் தொடக்கமாகும்.