வராத திட்டத்தை அளப்பது எப்படி?

சீடன்: ஐயா, ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்துக்கு நூறு நாள் வேலைத் திட்டம் 2006-இல் வந்தது. பிறகு கூலி கூடியது. திட்டத்தால்தான் கூடியது என்று ஆய்வேட்டில் எழுதலாமா?

குரு: திட்டம் வராமலே இருந்திருந்தால் கூலி கூடியிருக்காதா?

சீடன்: விலைவாசியோடு கொஞ்சம் கூடியிருக்கும். எவ்வளவு என்று எப்படிச் சொல்வது?

குரு: நீ அளக்க வேண்டியது அதைத்தான். திட்டம் வராத சித்தூரை யாரும் பார்த்ததில்லை. அதற்கு ஈடாக நிற்கும் ஊரைத் தேட வேண்டும்.

சீடன்: எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டில் வேலூர் இருக்கிறது. அங்கே திட்டம் 2008-இல்தான் வந்தது. சித்தூரில் கூடிய கூலியிலிருந்து வேலூரில் கூடியதைக் கழித்தால்?

குரு: அதுதான் இரட்டை வேறுபாட்டு முறை. ஆனால் 2006-இல் திட்டம் முதலில் வந்த 200 மாவட்டங்களைச் சீட்டுக் குலுக்கியா எடுத்தார்கள்?

சீடன்: இல்லை, பின்தங்கியவை என்று பார்த்து எடுத்தார்கள்.

குரு: அப்படியானால் 2006-க்கு முன்பும் இரண்டு இடத்திலும் கூலி ஒரே போக்கில் போனதா என்று பார். இன்னொன்று, தமிழ்நாட்டில் 2006-லேயே ரேஷன் அரிசி கிலோ 2 ரூபாய் ஆனது; ஆந்திராவில் 2008-இல்தான். அரிசி மலிந்தால் குறைந்த கூலிக்கு ஆள் வருவது குறையலாம். அதனால் வேலூரில் கூலி ஏறியிருக்கலாம்; நீ கழிக்கும்போது அதுவும் சேர்ந்து கழியும்.

சீடன்: ஒரே மாநிலத்துக்குள் ஒப்பிட்டால்? நெல்லூருக்குத் திட்டம் 2007-இல் வந்தது.

குரு: நல்லது. ஆனால் திருப்பதி மாவட்டம் 2022-இல் உருவானது. அப்போது அதில் சேர்ந்த காளஹஸ்தி பழைய சித்தூர், கூடூர் பழைய நெல்லூர். புது எல்லையை வைத்துப் பழைய தரவைப் படித்தால் இரண்டும் கலந்துவிடும்.

சீடன்: இரண்டே மாவட்டங்களை வைத்து முடிவு சொல்ல முடியுமா?

குரு: முடியாது. பொருளியலாளர்கள் கிளெமென்ட் இம்பெர்ட்டும் ஜான் பாப்பும் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், நாடெங்கும் திட்டம் முந்தி வந்த மாவட்டங்களைப் பிந்தி வந்தவற்றோடு ஒப்பிட்டார்கள். வறண்ட பருவத்தில் தினக்கூலி சுமார் 4.7 விழுக்காடு கூடியிருந்தது. மழைப் பருவத்தில் அப்படித் தெளிவான உயர்வு இல்லை. திட்ட வேலை பெரும்பாலும் வறண்ட பருவத்தில்தான் நடந்தது. காரணம் இருக்கும் காலத்தில் விளைவும் இருக்கிறது, அது ஓயும்போது விளைவும் ஓய்கிறது என்பதால் அந்த முடிவுக்கு வலு கூடுகிறது.

சீடன்: நான் எங்கே தொடங்க?

குரு: காளஹஸ்திக்கும் கூடூருக்கும் போ. அந்த ஆண்டுகளில் யார் எங்கே, என்ன கூலிக்கு வேலைக்குப் போனார்கள் என்று கேள். உன் முடிவைப் பொய்யாக்கக்கூடிய எல்லாக் காரணங்களையும் எழுதி, ஒவ்வொன்றாகச் சோதி. அத்தனைக்கும் தாங்கி நின்றால் மட்டும் 'திட்டத்தால்' என்று எழுது.