மரடு கரையின் எல்லை

கொச்சியை ஒட்டிய மரடில் 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் நான்கு அடுக்குமாடிக் குடியிருப்புகள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. காயல்கரையைக் கடற்கரை ஒழுங்குமுறையின் எந்த மண்டலத்தில் சேர்ப்பது என்பதுதான் இந்த இடிப்புக்கு வழிவகுத்த வழக்கின் மையம். 1996இல் ஒப்புதல் பெற்ற கடற்கரை மேலாண்மைத் திட்டத்தில் மரடு மூன்றாம் மண்டலம். அதாவது கட்டடங்கள் பெருகாத ஊர்ப்புறக் கரை. 2006இல் கட்டட அனுமதி தந்த ஊராட்சி, மாநிலக் கடற்கரை ஆணையத்தின் இசைவைப் பெறவில்லை. 2010இல் அந்த ஊராட்சி நகராட்சி ஆனது. 2019 பிப்ரவரியில் ஒப்புதல் பெற்ற புதிய திட்டம் அதே கரையை இரண்டாம் மண்டலத்தில், நகர்ப்பகுதியாகச் சேர்த்தது. ஆனாலும் அவ்வாண்டு மே மாதம், கட்டியபோது நடப்பில் இருந்த வகைப்பாட்டையே உச்ச நீதிமன்றம் ஏற்று இடிக்க உத்தரவிட்டது.

இன்று அனுமதி கிடைக்கக்கூடிய இடத்தில் நேற்று கட்டியதை இடிப்பது நியாயமா? கேள்வி எளிதில் தள்ளக்கூடியதல்ல. வீட்டை வாங்கியவர்களில் பலர் ஊராட்சியின் முத்திரையை நம்பிச் சேமிப்பைக் கொட்டியவர்கள். இடைக்கால இழப்பீடாக நீதிமன்றம் அறிவித்த 25 லட்சம் ரூபாய் அவர்கள் இழந்ததை ஈடுகட்டாது. கொச்சியிலேயே விதிமீறல் வழக்கில் சிக்கிய இன்னொரு குடியிருப்பு, ஒரு கோடி ரூபாய் அபராதம் கட்டித் தப்பியிருந்தது. 2018இல் உச்ச நீதிமன்றமே அதை ஏற்றது. ஒரே நகரில் ஒரே வகைத் தவறுக்கு ஓரிடத்தில் அபராதம், ஓரிடத்தில் வெடிமருந்து என்றால் சட்டத்தை நம்பச் சொல்வது கடினம்.

இருந்தும் இடிப்பு சரி என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. காரணம் இரண்டாம் மண்டலத்தின் வரையறையில் இருக்கிறது. நகராட்சி எல்லைக்குள் இருக்க வேண்டும். மனைகளில் பாதிக்கு மேல் கட்டடம் எழும்பியிருக்க வேண்டும். சாலையும் குடிநீரும் வடிகாலும் வந்திருக்க வேண்டும். நீர் எவ்வளவு ஏறுகிறது, கரை எவ்வளவு அரிக்கிறது என்பதற்கு இதில் இடமே இல்லை. கட்டடம் பெருகினால் மண்டலம் மாறும். மண்டலம் மாறினால் கட்டடம் சட்டப்படியானதாகும். விதியை மீறியவரே விதியை எழுதும் வழி இது. தன் நிலத்தைப் பொக்காளி நெல்லுக்கும் இறால் கட்டுக்கும் விட்டுவைத்து விதிக்குக் கட்டுப்பட்ட பக்கத்துக்காரருக்கு அந்தச் சட்டம் என்ன பதில் சொல்லும்?

அளவுகளும் இப்படித்தான் நகர்கின்றன. 1991ஆம் ஆண்டுக் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையின்படி காயல், கழிமுகக் கரைகளில் விட வேண்டிய 100 மீட்டரை 50 ஆகக் குறைத்த 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தை உச்ச நீதிமன்றம் 1996இல் ரத்து செய்தது. அதற்குப் பதிலாக வந்த 2019 அறிவிக்கை அதே 50 மீட்டரைத் திரும்பக் கொண்டுவந்தது. இடையில் கடல் பின்வாங்கிவிடவில்லை.

தளர்வு கேட்பவர்கள் எல்லோரும் பேராசைக்காரர்கள் அல்லர். வலை உலர்த்தும் கரையிலேயே பிறந்து, பிள்ளைகள் கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போகும்போது ஓர் அறை கூடுதலாகக் கட்ட முடியாமல் தவித்த மீனவக் குடும்பங்கள் ஏராளம். 1991 அறிவிக்கையின் 200 மீட்டர் தடை அவர்களைத்தான் முதலில் அழுத்தியது. ஆனால் 2019இல் கிடைத்த பதில் அவர்கள் தொழிலைப் பார்த்து வந்ததல்ல. சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் ஊர்ப்புறக் கரைகளில் தடை 50 மீட்டராகச் சுருங்கியது. மீனவர் வீட்டுக்குத் திறந்த கதவு விடுதிக்காரருக்கும் திறந்துவிட்டது. வீட்டுத் தேவை வேறு, வணிகம் வேறு; இரண்டையும் ஒரே மக்கள்தொகைக் கணக்கில் அடைப்பது மீனவர் பெயரைச் சொல்லி மற்றவருக்கு இடம் கொடுப்பதாகும்.

கரையின் எல்லையை முதலில் வரைபடத்தில் தெளிவாகக் காட்ட வேண்டும். 1:25,000 அளவிலான வரைபடத்தில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 25 மீட்டர். பேனா முனை சற்று விலகினால் ஒரு வீடு உள்ளே போகும், இன்னொன்று வெளியே வரும். எனவே சர்வே எண் தெரியும் கிராம அளவு வரைபடம், அந்த ஊர்மக்கள் படிக்கும் மொழியில், அனுமதி கேட்கும் முன்பே ஊராட்சி அலுவலகத்தில் இருந்தாக வேண்டும். அது இல்லாத இடத்தில் தவறான முத்திரை குத்திய அதிகாரியும் கட்டி விற்றவரும் முதலில் பொறுப்பேற்கட்டும். சாவி வாங்கியவர் கடைசியில் வரட்டும்.