சந்தேகமும் கடமையும்

நோய் உண்டென்று உறுதியாகத் தெரிந்தவன் என்ன செய்ய வேண்டும் என்பதை எவரும் சொல்லிவிடலாம். நோய் இல்லையென்று தெரிந்தவனுக்கு ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால், "ஈரல் வியாதி இருக்கலாம்" என்று மட்டும் சொல்லி அனுப்பப்பட்டவன் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும்? இக்கேள்வியை நாம் புத்தகத்திலிருந்து எடுத்துக்கொள்ளவில்லை. நமக்கே நேர்ந்தபடியால் கேட்கிறோம்.

நாம் பேராக்கில் ஒரு தோட்டத்து ஆபீசில் கிராணி உத்தியோகம் பார்க்கிறோம். முன்னே ரப்பர் மரம் நின்ற அந்நிலத்தில் இப்போது செம்பனை நிற்கிறது. இரண்டு மாதங்களுக்கு முன்பு ஈப்போவுக்குச் சென்று இரத்தம் சோதித்துக்கொண்டோம். ஈரலைப் பற்றிய இரண்டு கணக்குகள் இருக்க வேண்டிய அளவுக்கு மேல் நின்றன. எவ்வளவு குடிப்பது வழக்கம் என்று வைத்தியர் கேட்டார். உள்ளதில் பாதியைச் சொன்னோம். மது தொடாமல் மூன்று மாதம் இருந்து மறுபடி சோதிக்க வேண்டும், வயிற்றை ஸ்கேன் செய்தும் பார்க்க வேண்டும், அதுவரையில் "இருக்கலாம்" என்றுதான் சொல்ல முடியும் என்றார்.

வீடு திரும்பும் வழியிலேயே மனம் வக்கீல் வேலையைத் தொடங்கிவிட்டது. "இருக்கலாம் என்றால் இல்லாமலும் இருக்கலாம் அல்லவா? வலி இல்லை, கண்ணில் மஞ்சள் இல்லை, சாப்பாடு செல்கிறது. முடிவு தெரியட்டும், பிறகு விட்டால் போகிறது" என்று வாதித்தது. மனைவி கேட்டபோது, "டாக்டர் ஒன்றுமில்லை என்றார்" என்றோம். அன்றிரவே ஒரு போத்தல் பீர் திறக்கப்பட்டது. இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆயினும், இதை மறைத்துவிட்டு உபதேசம் செய்வது யோக்கியமாகாது.

வலி இல்லை என்ற வாதத்தை முதலில் பார்ப்போம். ஈரல் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ எடையுள்ள பெரிய உறுப்பு. தன்னில் பெரும்பகுதி கெட்டபோதும் அது சத்தமின்றி வேலை செய்துகொண்டிருக்கக் கூடியது. மது முதலில் அதில் கொழுப்பைச் சேர்க்கிறது. பின்பு அழற்சியை உண்டாக்குகிறது. பல ஆண்டுகளில் தழும்பு படர்ந்து ஈரல் இறுகிப்போகிறது. கண் மஞ்சளாவதும், வயிற்றில் நீர் கோப்பதும், இரத்த வாந்தியும், புத்தித் தடுமாற்றமும் பெரும்பாலும் கடைசியில் வருபவை. கொழுப்பு சேர்ந்த நிலையில் குடியை நிறுத்தினால் சில வாரங்களிலேயே ஈரல் தேறத் தொடங்கும். இறுகிய பின்பு முற்றிலும் பழைய நிலைக்குத் திரும்புவது அரிது. அப்போதும் நிறுத்துவது ஆயுளை நீட்டிக்கக் கூடும். ஆகவே, வலி வரட்டும் என்று காத்திருப்பவன், திருத்திக்கொள்ளக்கூடிய காலத்தையெல்லாம் செலவழித்துவிட்டு, திருத்த முடியாத காலத்தில் திருந்தப் பார்க்கிறான்.

இனி, முடிவு தெரியட்டும் என்ற வாதம். ஆபீசில் பெட்டிப் பணம் ஐம்பது வெள்ளி குறைந்தால் நாம் என்ன செய்கிறோம்? திருட்டா, கூட்டல் பிழையா என்பது தெரியாது. தணிக்கை அதிகாரி வரும்வரை பெட்டியைத் திறந்தே வைத்திருப்போமா? முதலில் பூட்டுகிறோம், பிறகு தேடுகிறோம். பூட்டியதனால் எவர் மீதும் குற்றம் சாட்டியதாகாது. பிறர் பணத்துக்குக் காட்டும் இந்த ஜாக்கிரதையை நம் உயிருக்குக் காட்டாததற்கு என்ன நியாயம்? சந்தேகத்தின் பலனைக் குற்றம் சாட்டப்பட்டவனுக்குத் தருவது நீதிமன்றத்துக்குச் சரி. அங்கே தவறினால் ஒரு நிரபராதி சிறைக்குப் போவான். இங்கே சந்தேகத்தின் பலனைப் போத்தலுக்குத் தந்து தவறினால், மனைவியும் மக்களும் அல்லவோ தண்டனை அனுபவிக்க வேண்டும்?

நம் வகுப்பாரின் பெருமையையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஆங்கிலம் படித்த நாம், லயத்து ஜனங்கள் கள்ளும் சம்சுவும் குடிப்பதைப் பார்த்துக் குடிகாரர்கள் என்றோம். நாம் பிராந்தியும் பீரும் அருந்துவதற்குப் பழக்கம் என்று பெயர் வைத்தோம். எந்தப் பானமாயினும் அதிலுள்ள ஆல்கஹால் ஒன்றே. ஈரல் சம்பளப் பட்டியலைப் பார்த்து வேலை செய்வதில்லை.

அந்த லயத்து ஜனங்களாவது இதை எதிர்த்துப் போராடியவர்கள். வெள்ளையர் ஆட்சியில் தோட்டங்களிலேயே கள்ளுக்கடை வைத்து, வாங்கின கூலி அங்கேயே செலவாகும்படி செய்திருந்தார்கள். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதையும் கோரிக்கையாக வைத்தனர். 1947-இல் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தனர், போலீசாருடன் மோத நேர்ந்தது, சிறைக்கும் சென்றனர். ஆதலால் பழி முழுவதையும் குடிப்பவன் தலையிலே போடுவது நியாயமன்று. கடை வைத்தவனுக்கும் வரி வாங்கியவனுக்கும் அதில் பங்குண்டு. ஆனால் பழியைப் பங்கு போடலாமேயன்றி, வியாதியைப் பங்கு போட முடியாது. அதை நாமேதான் சுமக்க வேண்டும்.

சுற்றத்தாருக்கும் கடமை உண்டு. ஒருவர் கண் மஞ்சளானதும் "குடித்தே கெட்டான்" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். ஹெப்பாடைட்டிஸ் பி, சி என்னும் கிருமிகளாலும், நீரிழிவாலும், உடற்பருமனாலும்கூட ஈரல் கெடும். மலேசியாவில் பிறக்கும் குழந்தைகளுக்கு ஹெப்பாடைட்டிஸ் பி தடுப்பூசி 1989 முதல்தான் போடப்பட்டு வருகிறது. ஒரு துளியும் தொடாத பெண்ணொருத்தி இந்த ஏச்சுக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாதிருந்தால், அப்பாவம் யாரைச் சேரும்? குடித்தவனே ஆனாலும் ஏச்சு அவனைத் திருத்துவதில்லை. மறைக்கவே கற்றுக் கொடுக்கிறது. கள்ளுண்ணாமைக்கு வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்தார் என்று மேடையில் முழங்குகிறோம். இறங்கியதும் கலியாணப் பந்தலுக்குப் பின்னால் நின்று, "ஒரு கிளாஸ்தானே அண்ணே" என்று விட்டவனையும் வற்புறுத்துகிறோம். இவ்விரண்டையும் நிறுத்தினாலே பெரிய உதவியாகும்.

மறு வாரம் நாம் அதே வைத்தியரிடம் போய், சொல்லாமல் விட்ட பாதியையும் சொன்னோம். அவர் ஏசவில்லை, எழுதிக்கொண்டார். நாள் தவறாமல் அதிகமாகக் குடிப்பவர் வீம்பாகத் திடீரென்று தாமே நிறுத்தினால், நடுக்கமும் வலிப்பும் சித்தப் பிரமையும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்றும், உண்மையான அளவு தெரிந்தால்தான் விடும் வழியைச் சொல்ல முடியும் என்றும் விளக்கினார். அன்று மாலை மனைவியிடமும் உள்ளதைச் சொன்னோம். வைத்தியரிடம் சொன்னதைவிட அதுவே கடினமாக இருந்தது.

மூன்று மாதம் முடிய இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. கணக்கு இறங்கியிருக்கலாம், இறங்காமலும் இருக்கலாம். இறங்கினால் "தப்பித்தோம்" என்று போத்தலைத் தேடப் போகிறோமா? இறங்காவிட்டால் "இனி என்ன இருக்கிறது" என்று தேடப் போகிறோமா? விடை எதுவாயினும் கடமை ஒன்றாகவே இருப்பதை இப்போது காண்கிறோம். அப்படியானால் விடை வரும்வரை காத்திருப்பதற்கு மட்டும் காரணம் ஏது?

தோழர்களே! உங்களிலும் இந்தச் சந்தேகத்தோடு இருப்பவர்கள் உண்டு. சோதித்துக்கொள்ளுங்கள். கேட்கும் வைத்தியரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். முடிவு வரும்வரை பெட்டியைப் பூட்டி வையுங்கள்.